இரண்டாம் சனிக்கிழமை

ராயக்கோட்டையில் விடியற்காலை நாலரை மணிக்கே ஊர் விழித்துவிடும். தக்காளி மண்டிக்கு வரும் வண்டிகளின் சத்தம்தான் எங்களுக்குச் சேவல். 2012 மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை அந்தச் சத்தத்தினூடே நானும் என் அக்கா மகனும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவன் தோளில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான். தெருமுனைவரை வந்த அக்கா, "பொழுதோட வந்துடுங்க" என்றாள். சென்னை போய் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டு அன்றே பொழுதோடு திரும்ப முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோசோடு இன்னொரு இயங்குதளமும் போட்டுக் கொடுத்தார்கள். மெஷினை ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். இரண்டாவதாக நின்ற பெயர் பாஸ் லினக்ஸ். என் மருமகன் அதைக் காட்டி, "இது என்னாது மாமா? எங்க கிளாஸ்ல யாரும் இதத் தொறக்கவே இல்ல" என்றான். பழுது பார்க்கும் கடையொன்றில் கேட்டதற்கு, அழித்துவிட்டால் இடம் மிச்சமாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். இவன் அழிக்கவில்லை, திறந்து பார்த்தான். தமிழில் மெனு வந்தது. ஆனால் நான் வாங்கிக் கொடுத்த டேட்டா கார்டைச் செருகினால் இன்டர்நெட் வரவில்லை. நானும் நான்கு ஞாயிற்றுக்கிழமை முட்டி மோதிப் பார்த்தேன். தெரிந்தவர்களிடம் போகலாம் என்று முடிவு செய்தோம். அந்தத் தெரிந்தவர்கள் 280 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள்.

நான் அப்போது ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பட்டறையில் ஒரு மெஷின் இருந்தது. அதன் கன்ட்ரோலருக்குள் போகப் பாஸ்வேர்டு உண்டு. அது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு முறை நடு ஷிஃப்ட்டில் ஸ்கிரீனில் ஒரு நம்பரைக் காட்டிவிட்டு நின்றுபோனது. சர்வீஸ் எஞ்சினியர் வரும்வரை மூன்று நாள் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். அவர் வந்து பத்து நிமிடத்தில் ஒரு மதிப்பை மாற்றிவிட்டுப் போனார். எதை மாற்றினீர்கள் என்று கேட்டேன். அது உங்களுக்குத் தேவையில்லை என்றார். அந்தப் பதில் இன்றுவரை எனக்குள் உறுத்துகிறது. எட்டு மணி நேரம் அந்த மெஷினோடு நிற்பவன் நான். அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது எனக்குத் தேவையில்லாமல் எப்படிப் போகும்?

அந்த உறுத்தலோடு இருந்த நாட்களில்தான் லினக்ஸ் எனக்குத் தெரியவந்தது. உபுண்டு என்ற லினக்ஸின் சிடியைக் காசு வாங்காமல் உலகம் முழுக்கத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2011 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். அதற்கு முன்பே ராயக்கோட்டை தபால்காரர் எனக்கு ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். யாருக்கும் கொடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று அந்த உறையில் கண்ட வார்த்தைகளை இரண்டு மூன்று தரம் படித்தேன்.

கிருஷ்ணகிரி சாலையில் பஸ் ஏறும்போது இடப்பக்கம் கோட்டை மலை இருட்டில் கறுப்பாகத் தெரிந்தது. 1791ஆம் ஆண்டு மூன்றாம் மைசூர்ப் போரில் மேஜர் கௌடியின் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை இது. கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் பகுதிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் நடுவில் வாசற்படிபோல நிற்பதால் இதைப் பிடித்தவனுக்கு வழி கிடைத்தது. இன்றும் எங்கள் ஊர் வாசற்படிதான். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் கேட்கும். பெங்களூர் எங்களுக்குச் சென்னையைவிடப் பல மடங்கு பக்கம். பிறகேன் சென்னை என்று மருமகனும் கேட்டான்.

நியாயமான கேள்வி. லினக்ஸ் விஷயத்தில் பெங்களூருக்குப் பெரிய வரலாறு உண்டு. அங்கே வாழ்ந்த அதுல் சிட்னிஸ், இன்டர்நெட் பொதுமக்களுக்கு வருவதற்கு முன்பே தொலைபேசி வழியாகக் கணினிகள் பேசிக்கொள்ளும் பலகை ஒன்றை நடத்தியவர். 1996இல் பிசிக்வெஸ்ட் பத்திரிகை லினக்ஸ் சிடியை இதழோடு சேர்த்துக் கொடுத்ததில் அவர் பங்கு பெரியது. இந்தியாவின் பல மூலைகளுக்கு லினக்ஸ் முதலில் போய்ச் சேர்ந்தது அந்த சிடி வழியாகத்தான். 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்று தொடங்கிய மாநாடு பிறகு ஃபாஸ் டாட் இன் என்று பெயர் மாறி 2012வரை நடந்தது. ஆனால் அது ஆண்டுக்கு ஒரு தடவை வரும் திருவிழா. எங்களுக்கு வேண்டியிருந்தது வாரச் சந்தை மாதிரி ஒன்று. மாதம் தவறாமல் நடப்பது, தமிழில் கேள்வி கேட்க முடிவது, பெரிய ஆள் சின்ன ஆள் பார்க்காதது. அது சென்னையில் இருந்தது.

இந்திய லினக்ஸ் பயனர் குழு, சென்னை. ஐலக்சி என்று சுருக்கிச் சொல்வார்கள். 1998 ஜனவரியிலிருந்து நடக்கும் குழு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவார்கள். சந்தா இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம்.

வாணியம்பாடி, ஆம்பூர் என்று பஸ் பாலாற்றின் மணலை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. மருமகன் ஜன்னலோரம். இப்படி ஒரு குழு ஏன் தேவைப்பட்டது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ என்ற பெயரில் சுதந்திரமான இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். அதற்கு வேண்டிய பல உறுப்புகள் தயாராகின. நடுவில் இருக்க வேண்டிய கரு மட்டும் பாக்கி நின்றது. 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் பொழுதுபோக்காக ஒரு கருவை எழுதுவதாகச் சொன்னார். அதுதான் லினக்ஸ். இரண்டும் சேர்ந்தன. சரக்கு தயார், ஆனால் விற்பவர் அரிது. விற்பவர் அரிதான சரக்குக்கு சர்வீஸ் சென்டரும் அரிது. பயன்படுத்துகிறவர்களே ஒருவருக்கொருவர் சர்வீஸ் சென்டராக ஆக வேண்டியிருந்தது. லினக்ஸ் குழுக்கள் உலகமெங்கும் முளைத்ததற்குக் காரணம் இதுதான்.

1998இல் சென்னையில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15இல்தான். டெலிபோன் லைனில் மோடம். ஒரு சிடியின் 650 எம்.பி.யை அந்த மோடத்தில் இறக்க, லைன் அறுந்துபோகாமல் இருந்தாலும் இரண்டு நாள் இரவும் பகலும் ஆகும். டெலிபோன் பில்லை யார் கட்டுவது? அதனால் யாரிடம் சிடி இருக்கிறது என்று கேட்டு, நேரில் போய், பிரதி எடுத்துக்கொள்வதுதான் வழி. எடுத்து வந்து போட்டால் வீட்டு மானிட்டரில் படம் வராது, சவுண்ட் கார்டு பேசாது, மோடமே விண்டோசுக்கென்று செய்ததாக இருக்கும். ஒருத்தர் தன் மெஷினில் அதைச் சரிசெய்தால் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஓர் அறை வேண்டும்.

"அப்படின்னா நம்ம டேட்டா கார்டு பிரச்சினை மாதிரிதான் எல்லாருக்கும் இருந்துச்சா மாமா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் முகம் தெளிந்தது. தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்ற எண்ணம் சின்னப் பிள்ளைகளை எவ்வளவு அழுத்துகிறது என்று அப்போதுதான் பார்த்தேன்.

காஞ்சிபுரத்துக்குத் திரும்பும் இடம் வந்தபோது அவனுக்குக் கைகாட்டினேன். அந்த ஊரில் 2006இலிருந்து காஞ்சி லினக்ஸ் பயனர் குழு நடக்கிறது. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊர், அப்போது மாநகரம் அல்ல. அங்கே ஒரு குழு நிற்க முடியும் என்றால் என்ன அர்த்தம் என்பதை அவனிடம் அப்போது சொல்லவில்லை. எனக்கே அது பின்னால்தான் உறைத்தது.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலையின் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை. ஷிஃப்ட் முடிந்து இறங்கிய பெண்கள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எத்தனை கோடி போன்கள் அந்தக் கைகள் வழியாகப் போயிருக்கும்! 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது.

கோயம்பேட்டில் இறங்கி, சாப்பிட்டு, டவுன் பஸ் மாறி ஐ.ஐ.டி. வாசலுக்கு வந்து சேர மணி இரண்டு. வாசலில் மருமகன் தயங்கினான். "நம்மள உள்ள விடுவாங்களா?" காவலாளியிடம் லினக்ஸ் மீட்டிங் என்றோம், பெயர் எழுதிக்கொண்டு விட்டார்கள். உள்ளே ஆலமரங்கள், சாலையோரம் பயமில்லாமல் மேயும் புள்ளிமான்கள். கஜேந்திரா சர்க்கிள் என்ற யானைச் சிலை ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் வான்வெளிப் பொறியியல் துறை. அங்கே ஒரு வகுப்பறை. விமானம் கட்டப் படிக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் ராயக்கோட்டை அரசுப் பள்ளிப் பையன் உட்கார்ந்தான்.

இருபத்தைந்து பேர் இருப்பார்கள். கல்லூரி மாணவர்கள் அதிகம், ஐ.டி. கம்பெனிக்காரர்கள் சிலர், தலை நரைத்தவர்கள் இரண்டு மூன்று பேர். ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் சொன்னார்கள். மருமகன் எழுந்து "ராயக்கோட்டை" என்றதும் பின்பெஞ்சிலிருந்து ஒருவர் "தக்காளி ஊரா?" என்றார். எல்லாரும் சிரிக்க, இவனும் சிரித்துவிட்டான். ஓர் இளைஞர் ஃபைல்களுக்கான அனுமதிகளைப் பற்றிப் பேசினார். யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் ஓட்டலாம் என்ற மூன்று அனுமதிகள். ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்து, போர்டில் படம் போட்டு விளக்கினார். எனக்குப் பாதி புரிந்தது. புரியாததைக் கைதூக்கிக் கேட்டேன். யாரும் திரும்பி முறைக்கவில்லை.

பேச்சு முடிந்து வெளியே மரத்தடியில் நின்றபோதுதான் உண்மையான மீட்டிங் தொடங்கியது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் லேப்டாப்பைத் திண்ணையில் வைக்கச் சொன்னார். டேட்டா கார்டைச் செருகிவிட்டு, டெர்மினலைத் திறந்து ஒரு கட்டளையைச் சொன்னார். தான் அடிக்கவில்லை. "நீயே அடி தம்பி. தப்பா அடிச்சா அதுவே சொல்லும்" என்றார். திரையில் வரிகள் ஓடின. கரு என்ன பார்க்கிறது, என்ன செய்கிறது என்று தானே எழுதி வைக்கும் குறிப்பு அது. "கடைசி நாலு வரியப் படி. உன் டேட்டா கார்ட இது என்னன்னு நெனச்சிருக்குது?" இவன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சிடி ட்ரைவ்னு போட்டிருக்குதுங்க" என்றான்.

அதுதான் விஷயம். அந்தக் காலத்து டேட்டா கார்டுகள் விண்டோசுக்கான மென்பொருளைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும். செருகியதும் முதலில் தன்னை ஒரு சிடி ட்ரைவாகக் காட்டிக்கொள்ளும். விண்டோசில் அந்த மென்பொருள் ஏறிய பிறகு, வேஷம் கலைந்து மோடமாக மாறும். லினக்சில் அந்த மாற்றச் சொல்லை நாம் அனுப்ப வேண்டும். அதற்கென்றே ஒரு சின்ன நிரலை யாரோ எழுதி, எந்தக் கம்பெனி கார்டுக்கு எந்தச் சொல் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை நிறுவி ஒரு வரியைச் சேர்த்ததும் கார்டின் விளக்கு நிறம் மாறியது. இன்டர்நெட் வந்துவிட்டது. என் மருமகன் துள்ளிக் குதிக்கவில்லை. அந்த நாலு வரியை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். எனக்கு என் பட்டறை மெஷின் நினைவுக்கு வந்தது. இங்கே ஒருவர், தேவையில்லை என்று சொல்லாமல், நீயே படி என்றார். தொண்டை அடைத்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். பையன் லேப்டாப்பில் இருந்த பாஸ் லினக்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல. டெபியன் என்ற லினக்சை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. 2005இல் குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக்கும் சேர்ந்து திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய ஆதார மையத்தைத் தொடங்கின. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனமே லினக்சுக்கு மாறியது. இப்படிப் பல கைகள் கடந்துதான் அது ராயக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தது. நாங்கள் அதன் பெயரைக்கூடச் சரியாகப் படிக்காமல் விட்டிருந்தோம். லேப்டாப் கொடுத்தது பெரிய காரியம். அதைத் திறந்து காட்ட ஒவ்வொரு ஊரிலும் நாலு பேரைத் தயார் செய்திருந்தால் அது இன்னும் எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

குழுவில் பேசப்பட்ட பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்துப்போன பெயர் கென்னத் கொன்சால்வ்ஸ். ஊட்டியில் வாழ்ந்துகொண்டே சென்னைக் குழுவோடும் பைத்தான் நிரல்மொழிக்காரர்களோடும் கலந்து உழைத்தவர். மலைமேல் இருந்தவருக்கே தூரம் ஒரு பொருட்டல்ல என்றால் நமக்கென்ன என்று அன்று தோன்றியது. நாங்கள் போய்வந்த மூன்றாவது மாதம், 2012 ஆகஸ்டில், அவர் காலமானார். இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கம் அவர் பெயரில் விருது வழங்குகிறது.

தமிழுக்கு இந்தக் குழுக்கள் செய்தது தனிக் கதை. குழுக்களில் வளர்ந்த த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 ஜனவரியில் கணியம் என்ற இதழைத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் மட்டும் பேசும் இதழ். து. நித்யா எளிய தமிழில் எழுதிய மைஎஸ்க்யூஎல் நூல் அப்படி வந்ததுதான். என் மருமகன் டேட்டாபேஸ் படித்தது அதில். அடுத்து இலவசத் தமிழ் மின்னூல்கள் திட்டம் வந்தது. யாரும் படிக்கலாம், யாரும் பகிரலாம் என்ற உரிமத்தில் நூல்களை வெளியிடும் திட்டம். மென்பொருளுக்கு ஒத்துக்கொண்ட விதியைப் புத்தகத்துக்கும் பொருத்திப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், சென்னை வகுப்பறைகளில் விதைத்ததில் நன்றாக விளைந்த பயிர் இதுதான்.

உலகத்தில் இன்னொரு குழுவின் கதை எல்லாருக்கும் தெரியும். 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவில் கோர்டன் பிரெஞ்சு என்பவரின் கார் ஷெட்டில் கூடிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப். அங்கே வந்து போன ஸ்டீவ் வாஸ்னியாக் பிறகு ஆப்பிள் கணினியைச் செய்தார். அந்தக் கதையைச் சொல்பவர்கள் கம்பெனி பிறந்ததைத்தான் அழுத்திச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு. வாஸ்னியாக் தன் கணினியின் வரைபடத்தை அங்கே வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார் என்பதுதான் அது. அந்த ஷெட்டின் கதவு திறந்திருந்தது, உள்ளே இருந்தவர்கள் தெரிந்ததை மறைக்கவில்லை. ஒரு குழுவுக்கு இவ்வளவுதான் முதலீடு.

இரவு பஸ் ஏறி, கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் விடியும்வரை கொசுக்கடியில் உட்கார்ந்து, முதல் பஸ்ஸில் ஊர் வந்தோம். இறங்கியதும் மண்டி வாசலில் கிரேட்டுகள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலமே மருமகன் தன் வகுப்புப் பையன்கள் நாலு பேரை லேப்டாப்போடு கூட்டி வந்துவிட்டான். 2012இல் மாவட்டங்களில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகமான நாட்களும் உண்டு. பேட்டரி தீருவதற்குள் ஒருத்தன் லேப்டாப்பை முடித்துவிட்டு அடுத்தவன் லேப்டாப்பைத் திறப்போம். கரண்ட் போனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டைப் பார்த்துக் கட்டளைகளை ஒப்பிப்பார்கள். அவனும் தன் நண்பனிடம் "நீயே அடிடா, தப்பா அடிச்சா அதுவே சொல்லும்" என்றான். ஆறேழு மாதம் நடந்தது. பிறகு ஆளுக்கொரு காலேஜ், ஆளுக்கொரு ஊர். நான் மூன்று ஷிஃப்ட்டில் மாட்டிக்கொண்டேன். அப்படியே நின்றுபோனது. அதை நிற்க விட்டது என் தவறு.

இப்போது ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வரும் சாலையில் உத்தனப்பள்ளிப் பக்கம் போனால் எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் அதற்கு வரும் பஸ்களும் கண்ணை நிறைக்கும். போனுக்கான பாகங்கள் செய்கிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்த பெண் பிள்ளைகள் விடுதிகளில் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன் இருக்கிறது. அது ஆண்ட்ராய்டாக இருந்தால் அதன் கருவில் ஓடுவது லினக்ஸ். கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஆலைகள் நம் ஊரைச் சுற்றி வந்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் லீவு நாளில் போய் உட்கார்ந்து, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்க ஓர் அறை வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பெண்களின் முகம் எனக்கு நினைவில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு வேலையோடு அறிவும் சேர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வழி காட்ட ஊர்கள் இருக்கின்றன. விழுப்புரத்தில் உள்ள குனூ லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுக்கிறது. காஞ்சிக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியே கூடித் தமிழில் பேசுகிறது. ராயக்கோட்டைக்கு அவர்களைவிட என்ன குறை?

என் வீட்டு முன்னறையில் பன்னிரண்டு பேர் பாய் போட்டு உட்காரலாம். பிளக் பாயின்ட் நாலு போட்டு வைத்திருக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மருமகன் மாதம் ஒரு நாள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வருகிற இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கதவு திறந்திருக்கும். மூலையில் தூசி படிந்து கிடக்கும் அரசு லேப்டாப் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.